சாணத்தைப் பெருக்குகிறவர்

சாணத்தைப் பெருக்குகிறவர் என்றொரு மனித இனம் உண்டு. துடைப்பத்தால் பெருக்குபவர் அல்ல, பன்னிரண்டால் பெருக்குபவர். எங்கள் டென்மார்க்கில் மாட்டுக்குக் குறைவில்லை, ஆகவே இவர்களுக்கும் குறைவில்லை. காப்பிக்குக் கூப்பிட்டால் வருவார், கேக்கைச் சாப்பிடுவார், பிறகு உங்கள் உருளைக்கிழங்குத் தோலையும் காப்பிச் சக்கையையும் வைக்கோலையும் பக்கத்துப் பண்ணைப் பன்றிகளின் பின்பக்கத்தையும் ஒரே அன்போடு பார்த்து, "குத்துமதிப்பா எவ்வளவு கரண்ட் வரும்னு நெனைக்கிறே?" என்பார். உங்கள் பதில் அவருக்கு எதற்கு? அவரிடமே இருக்கிறது.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் பெயர் தோர்கில். கறவை மாடுகள் அவர் மனைவி பிர்த்தேயுடையவை, பெருக்கல் இவருடையது. ஒரு ஜனவரியில் கொட்டிலில் விழுந்ததையெல்லாம் அளந்தார், பன்னிரண்டால் பெருக்கினார், ஊர் மன்றத்தில் எழுந்து நின்று, வசந்தத்துக்குள் சாணவாயு நிலையம் ஒன்று கட்டிவிட்டால் வருஷம் முழுக்க ஊர் விளக்கெல்லாம் நம் மாடுகளாலேயே எரியும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிர்த்தே மட்டும், வசந்தம் வந்தால் மாடுகள் புல்வெளிக்குப் போய்விடுமே, கோடைச் சாணம் அங்கேயல்லவா விழும் என்று கேட்டாள். வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இந்த இனத்துக்கு அந்த உறுப்பே கிடையாது. கணக்கில் பிழை இல்லை, மாடுகளின் நடத்தையில்தான் பிழை என்று முடிவுசெய்து, இந்தக் கோடையில் அவை கொட்டிலைவிட்டு அசையக் கூடாது என்று அறிவித்துவிட்டார்.

மாடுகளைத் திறந்துவிடும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்களுக்கு அது திருவிழா. இலவங்கப்பட்டை ரொட்டியோடு ஊரே வேலியோரம் நின்றது. புல்வாசம் மூக்கில் ஏறிய மாடுகள் உள்ளிருந்து கதவை முட்டின. கதவுக்கு முன்னால் தோர்கில்.

"தள்ளு," என்றாள் பிர்த்தே.

"ஊருக்கே வாக்குக் குடுத்திருக்கேன். இதுங்க வெளியே போச்சுன்னா கோடை பூரா விளக்கு எரியாது."

"அட மனுஷா, கோடையில ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகமாட்டேங்குது. அப்ப எவன் விளக்குப் போடறான்?"

வேலியோரம் யாருக்கோ ரொட்டி புரையேறியது. தோர்கில் தள்ளி நின்றார். குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடந்த மாடுகள், கிழட்டு மாடு உட்பட, பின்னங்கால்களை உதறித் துள்ளிக்கொண்டு பாய்ந்தன. தோர்கிலின் உதடுகள் அசைந்தன. என்ன செய்கிறார்? துள்ளலிலிருந்து எவ்வளவு கரண்ட் எடுக்கலாம் என்று பார்க்கிறார்.

பிர்த்தே காலிக் கொட்டிலைக் காட்டி, துடைப்பத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்பப் பெருக்கு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முதல் நாள் நடைப்பயிற்சி முடிந்த கையோடு, தீபாவளிக்குள் இத்தனை கிலோ குறையும் என்று பெருக்கிப் பார்த்து, ஓர் அளவு சின்னதாகச் சட்டை வாங்கியது யார்? அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. துணி சுருங்கிவிட்டது என்றுதானே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்?