கன்னிமூலையில் வைத்த பெட்டி

காளவாசலில் நாதசித்தர் விருமானந்தா வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமையானால் நிற்க இடமிருக்காது. மதுரை மெல்லிசைக் குழுக்காரர்கள் ஸ்பீக்கர் பெட்டியும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். பேஸ் கிதார் வாசிப்பவனின் நட்சத்திரத்துக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்ப்பார் சித்தர். கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம்தான். பெட்டிக்குப் பன்னிரண்டாம்!

பேஸ் கிதார் வாசிக்கும் கருத்தக்கண்ணனும் அன்று வரிசையில் நின்றான். போன கச்சேரியில், மைதானத்தில் அவன் கிதார் ஒருவர் காதிலும் விழவில்லை. பேரையூர்த் திருவிழாவிலும் இப்படியே ஆனால் வேறு ஆள் பார்ப்போம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். குழுவின் பாடகி பாண்டியம்மாளும் கூட வந்திருந்தாள்.

அவன் ஆசையாய் வாங்கிய பதினைந்து அங்குலப் பெட்டியை அறை நடுவே உயரமான ஸ்டூலில் ஏற்றினார் சித்தர். கண்ணன் வாசித்தான். சத்தம் சவசவ என்று வந்தது.

"கேட்டியாப்பா? அம்புட்டும் தோசம்! இதை இங்கயே விட்டுட்டு நம்ம அருள்பெட்டியை வாங்கிட்டுப் போ."

அருள்பெட்டியைக் கன்னிமூலையில், தரையில், சுவரோடு ஒட்டி வைத்து எலுமிச்சம்பழம் சுற்றினார். கண்ணன் மறுபடி வாசித்தான். தரை அதிர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தன் பெட்டியைப் பிரிய அவனுக்கு மனசே இல்லை. பிழைப்புப் போய்விடுமே!

"எடுத்துக்கங்க சாமி" என்றான்.

"அண்ணே, பொறுங்க" என்றாள் பாண்டியம்மாள். "சாமி, அண்ணன் பெட்டியை அந்த மூலையில வைங்க. ஒங்க பெட்டி ஸ்டூல்ல ஏறட்டும்."

"அபச்சாரம்! தோசப் பெட்டி கன்னிமூலைக்குப் போனா வீடு வெளங்காது!"

"அருள் இருக்கிற வீடுதான சாமி, என்ன பயம்?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்தால் பக்திக்குக் கஷ்டகாலம். நாலு பேர் பெட்டிகளை இடம் மாற்றினார்கள். தோசப் பெட்டி மூலையில் உறுமியது. சுவரில் சித்தர் படம் ஆடியது. அருள்பெட்டி ஸ்டூலில் ஏறி முனகியது.

"சுவரோட ஒட்டித் தரையில வச்சா எந்தப் பெட்டியும் கும்முனு கேக்கும்ணே. அன்னைக்கு மாதிரி மைதானத்துல மேசை மேல ஏத்திவச்சா எப்படிக் கேக்கும்? எத்தனை மேடையில பாத்திருக்கேன்."

வரிசையில் நின்ற கோரிப்பாளையத்துக் குழுக்காரன் காளைக்குச் சந்தேகம் வந்து, அருள்பெட்டியில் அப்பியிருந்த சந்தனத்தைச் சுரண்டினான். உள்ளே அவன் குழுவின் பெயர்!

"அடப்பாவி! தோசம்னு என்கிட்டப் பிடுங்குன பெட்டியில்ல இது!"

சித்தர் கொல்லை வழியாகத் தியானத்துக்குக் கிளம்பினார். வேட்டி மட்டும் காளையின் கையில் தங்கியது.

கண்ணன் தன் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வாசலில் பாதிக் கூட்டம், அடுத்த சித்தர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பொருத்தம் பார்க்க இரண்டு காது போதும், ஐயா. சித்தருக்குப் பொருத்தம் பார்க்கத்தான் மூளை வேண்டும்.