பத்துப் பங்காய்ப் போன சோளம்

சிலாவத்துறை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள காமில் மாமாவுக்கு, மருமகள் ஜெஸ்லியாவின் ஸலாம்.

இங்கே பத்து வீட்டுச் சோளத்தையும் பொக்கை வாயாக்கியது நீங்கள்தான். கோபத்தில் எழுதவில்லை, ஆராய்ந்து பார்த்துத்தான் எழுதுகிறேன். புத்தளத்தில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் அனுப்பிய இனிப்புச் சோள விதைப் பக்கற் வந்த அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும், ஃபோனில் இருந்து நடத்தியதே நீங்கள்தானே. "குர்பான் இறைச்சி பங்கு வைக்கிற மாதிரி வைங்கோ. ஒரு குடும்பமும் குறை சொல்லப்படாது" என்றீர்கள். உம்மா பாயை விரித்து, பத்துத் தேத்தண்ணிக் கோப்பைகளை வரிசையாக வைத்து, சொந்தக்காரர் பத்து வீட்டுக்கும் நாலு நாலு விதையாகப் போட்டார். மிஞ்சிய நாற்பத்தோராவது விதை யாருக்கு என்று அரை மணித்தியாலம் சண்டை நடந்துகொண்டிருக்க, கோழி வந்து அதை விழுங்கிவிட்டுப் போனது. அந்தப் பக்கற்றால் பலன் அடைந்த ஒரே சீவன் அதுதான்.

எங்கள் நாலையும் வேலியோரம் ஒரே வரிசையில் நட்டேன். மற்ற ஒன்பது வீட்டிலும் அப்படித்தான். ஆளுயரத்துக்கு வளர்ந்து, பொத்தி தள்ளி, நுனியில் நூல் தொங்கியது. உரித்துப் பார்த்தால் முழுப் பொத்தியில் பதினொரு மணி! பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ட வாயைப் பாத்துப் பாத்து வளந்திருக்கு புள்ள, வேற எப்பிடி வரும்?" என்று பல்லில்லாமல் சிரித்தார். எதிர் வீட்டு றிஸ்வி நானா, "கிணத்துத் தண்ணி உவர், அதுதான்" என்றார். அதே தண்ணீரில் அவர் வீட்டுக் கத்தரி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறதே என்று கேட்டேன். "கத்தரிக்கு ரோசமில்ல" என்றார். உம்மா கண்ணூறு என்று ஒரு செடியில் பழைய செருப்பைக் கட்டினார். அந்தச் செடியில் ஒன்பது மணி.

எனக்கு ஒன்று விளங்காவிட்டால் சோறு இறங்காது. ஒரு இளம் பொத்தியைப் பொறுமையாகப் பிரித்து, நூலை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போனேன். மாமா, ஒரு நூல் ஒரு மணியில்தான் போய் முடிகிறது! உச்சிப் பூவிலிருந்து விழும் தூள் எந்த நூலில் படவில்லையோ அந்த மணி இல்லை. நாலே நாலு செடி ஒரு வரிசையில் நின்றால், எங்கள் கடற்காற்றுக்கு அந்தத் தூள் எம்மாத்திரம்? கடலுக்குப் போனதோ காட்டுக்குப் போனதோ, பொத்திக்குப் போகவில்லை. ஹவ்வா உம்மாவின் செடியில் பிந்தி வந்த ஒரு பொத்தி இருந்தது. ஐந்து நாள் காலையில் போய்ப் பூவை அதன் மேல் உதறினேன். "என்ன புள்ள, சோளனுக்குப் பவுடர் போடுறியா?" என்று றிஸ்வி நானா நக்கலடித்தார். அந்தப் பொத்தி மட்டும் நுனிவரை நிறைந்து வந்தது. இப்போது அவரும் வாயை மூடிக்கொண்டு தின்கிறார்.

ஆக, சோளம் கூட்டமாக, சதுரமாக நிற்க வேண்டிய பயிர். இரண்டாவது பக்கற்றும் போன மாதம் வந்துவிட்டது. அதையும் பத்தாகப் பிரிக்கச் சொல்கிறீர்கள். உம்மா அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். எல்லா விதையையும் ஒரே இடத்தில் நடலாம், எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? எங்கள் வளவில் தண்ணீர்த் தாங்கிக்கும் குசினிக்கும் நடுவே நான் திரும்பி நிற்பதே கஷ்டம். இடம் இருப்பது ஒரே ஒரு காணியில். உங்கள் வாப்பா விட்டுப்போன காணி. முள்ளு வளர்ந்து, கேற்றில் உங்கள் பூட்டுத் தொங்குகிற காணி. உம்மாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது. கேட்டபோதெல்லாம், "துண்டு துண்டாப் பிரிச்சா ஒருத்தருக்கும் உதவாது" என்றீர்கள். பிரித்தால் உதவாதது சோளம் மாமா, காணி அல்ல. பிரிக்கக்கூடாததைக் கோப்பையில் எண்ணிப் பிரித்துவிட்டு, பிரிக்க வேண்டியதைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். நாற்பது விதைக்கு இருந்த நீதி இருபது பேர்ச் காணிக்கு எங்கே போனது?

கேற்றுப் பூட்டின் திறப்பை அனுப்பி வையுங்கள். நான் இப்படி எழுதுவது உம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால், "என்ட நானாட மனசு நோகும்" என்று கடிதத்தைக் கிழித்துவிடுவார். அவர் பாவம், உங்கள் சொல்லைத் தாண்டாத தங்கை.

உம்மாவின் ஸலாமும் ஹவ்வா உம்மாவின் விசாரிப்பும். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் விசாலமான மனதையும் தருவானாக.

உங்கள் மருமகள்,
ஜெஸ்லியா

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது உம்மா பின்னால் நின்று முழுவதையும் வாசித்துவிட்டார். கிழிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து வெறும் பக்கற்றைக் காட்டினார். நாற்பது விதையும் இப்போது உங்கள் காணியின் நடுவில், முள்ளு வெட்டிய இடத்தில், சதுரமாக முழங்கால் உயரத்துக்கு நிற்கிறதாம். பின்வேலியால் புகுந்து மூன்று வாரமாகத் தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார். "நானா கேட்டா வேலியை ஆடு பிரிச்சதெண்டு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

ஆகவே திறப்பு வேண்டாம். உம்மாவின் பங்குக்குக் காணி உறுதியை எழுதி அனுப்புங்கள். எப்போது அனுப்புவீர்கள்?