காக்காய்க்குப் பசியில்லை

மணி பன்னிரண்டரை ஆகியும் ஒரு காக்காய்கூட வரவில்லை.

தோட்டத்து மதில்மேல் வாழையிலைத் துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஓர் உளுந்து வடை. பாஞ்சாலி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு "கா... கா... கா..." என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றாள். தை அமாவாசை அன்றைக்கு ஒரு வீட்டுக்குக் காக்காய் வரவில்லை என்றால் அது சின்ன விஷயமா?

"இன்னாடா வேங்கடேசா இது? திண்டிவனம் பூரா காக்கா பறக்குது. உன் வூட்டுத் தோட்டத்துல மட்டும் ஒரு றெக்கயக்கூடக் காணோமே!"

"வரும்க்கா. இன்னிக்கு எல்லா வூட்லயும் சோறு வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு வூடாத்தானே வரணும்?" என்றான் வேங்கடேசன்.

சொன்னானே தவிர, அவன் பார்வை முருங்கை மரத்துப் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டான். காக்காய் வராத காரணம் அந்த மரத்தில்தான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வேங்கடேசன் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். காலைப் பாசஞ்சரில் போய் சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புகிறவன். யார் வம்புக்கும் போகாத மனுஷன். ஆனால் மூன்றாம் வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்தானோ இல்லையோ, அன்றோடு கவுச்சியை விட்டுவிட்டான். தான் விட்டதோடு நிறுத்தியிருக்கலாம். மீன் முள் ஒன்றுகூட வாசற்படி தாண்டக் கூடாது என்று வீட்டுக்கே சட்டம் போட்டான். அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிக்கொண்டவர் அவனைப் பெற்ற அப்பா.

அப்பா சின்னதுரை ஒரு ஞாயிற்றுக்கிழமை முகையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். மஞ்சப்பை நிறைய ஏரி விரால் மீன். பிள்ளைக்கு ஆசையாகக் கொண்டுவந்தது.

"அப்பா, இந்த வூட்ல இதெல்லாம் வேணாம்பா. வெளிய எடுத்துக்கினு போ" என்றான் வேங்கடேசன்.

சின்னதுரை பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் பையோடு திரும்பி வந்தார். வேங்கடேசன் சம்சாரம் பூமாலை இலை போட்டாள். "வேணாம்மா, வவுறு சரியில்ல" என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மீனைச் சாக்கடையில் கொட்டியிருப்பார், பாவம், எந்த மரத்தடியில் உட்கார்ந்து மனசு நொந்தாரோ என்று வேங்கடேசனுக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறமும் மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் வருவார். வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, விட்டத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். பேச்சுக் கிடையாது. பூமாலை சாம்பாரும் வடையுமாகச் செய்து வைத்துக் கெஞ்சுவாள். அதே பதில்தான், "வவுறு சரியில்லம்மா." அப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. போன ஆனி மாதம் ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"மவன் வூட்ல ஒரு வாய் சோறு துன்னாமலே பூட்டியே என்னப் பெத்தவனே" என்று சாவு வீட்டில் பாஞ்சாலி ஒப்பாரி வைத்தது, வேங்கடேசன் நெஞ்சில் முள்ளாகக் குத்தி அங்கேயே தங்கிவிட்டது.

அந்த முள்ளோடு இருக்கும்போதுதான் கார்த்திகை மழையில் தொப்பலாக நனைந்து ஒரு மைனா தோட்டத்துக்கு வந்தது. ஒரு பிடி கம்பு போட்டான். தின்றது. நம் வீட்டில் சாப்பிட ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று வேங்கடேசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மார்கழிப் பனி இறங்குவதற்குள் பறவைக்குத் தீனி போடுவது அவனுக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. விடிந்ததும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தோட்டத்தில் போய் நிற்பான். கம்பு, கேப்பை, உடைத்த மல்லாட்டைக் கடலை எல்லாம் இறைத்து, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவான். சிட்டுக்குருவி, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் வந்து இறங்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி கத்திக்கொண்டு வரும். பனிக்காலத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வந்து சேரும் வாலாட்டிக்குருவி ஒன்று, தண்ணீர்ச் சட்டியோரம் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வான்.

காக்காய்தான் பேஜாரு. வந்தால் மற்றதுக்கு ஒரு மணி மிச்சம் வைக்காது. போதாததற்குக் கவுச்சி தின்கிற ஜாதி. பின்பக்கத்து மதிலை ஒட்டி அப்துல் ஹலீம் பாய் வீடு. அவர் சம்சாரம் ஆயிஷா பீவி கிணற்றடியில் தினமும் மீன் கழுவுவார். காக்காய்க் கூட்டம் அங்கே செதிலும் குடலும் தின்றுவிட்டு, அதே வாயோடு இங்கே வந்து கம்பில் கை வைக்கும். வடலூர் போய் வந்த மனுஷனுக்கு இது பொறுக்குமா?

கதவு மூலையில் கிடந்த பழைய குடையை எடுத்தான். துணியைக் கிழித்துச் செத்த காக்காய் மாதிரி ஒரு உருவம் கட்டி, முருங்கையில் தொங்கவிட்டான். ஊர்க் காக்காயெல்லாம் கூடி அரை நாள் துக்கம் கொண்டாடியது. அதோடு ஒன்றும் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆனால் காக்காய் மனுஷன் முகத்தை மறக்காது. அவன் ஸ்டேஷனுக்குக் கிளம்பினால் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வந்து தலையில் கொத்தியது. மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் காலை ஏழு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து ஸ்டேஷனே சிரித்தது.

இந்த லட்சணத்தில்தான் தை அமாவாசை வந்தது. முகையூரிலிருந்து அக்காளும் மாமா பெரியதம்பியும் வந்து இறங்கினார்கள்.

"அப்பாவுக்கு மொத தை அமாவாச. உன்மேல அவரு மனசு ஆறிச்சா இல்லியான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். காக்கா வாய் வெக்காம நான் பச்சத்தண்ணி தொட மாட்டேன். நீங்களும் யாரும் தொடக் கூடாது" என்று காலையிலேயே சொல்லிவிட்டாள் பாஞ்சாலி. பெரியதம்பியின் முகம் அப்போதே வாடிவிட்டது.

மணி ஒன்றானது.

"காது கேக்கல போலருக்குது. தட்டு எதுனா குடு பூமாலை, தட்டிப் பாக்கறேன்" என்றாள் பாஞ்சாலி.

"அய்யோ, தட்டு வேணாம்க்கா!" என்று வேங்கடேசன் பாய்வதற்குள் அவள் கரண்டியால் ணங் ணங் ணங் என்று மூன்று தட்டு தட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். எங்கேதான் இருந்தனவோ, சிட்டுக்குருவியும் மைனாவும் தவிட்டுக்குருவியும் திமுதிமுவென்று வந்து இறங்கின. ஓர் அணில் வடையைத் தூக்கிக்கொண்டு கொய்யா மரத்தில் ஏறியது. இரண்டு நிமிஷத்தில் இலை சுத்தமாகிவிட்டது.

"அடப் பாவிகளா! எங்கப்பா சோத்தை எவன் எவனோ துன்னுட்டுப் போறானே!" என்று பாஞ்சாலி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்த வடையாச்சும்..." என்று பெரியதம்பி கொய்யா மரத்தை ஏக்கமாகப் பார்த்தார்.

பூமாலை வேறு இலை போட்டாள். அக்காள் உள்ளே கற்பூரம் எடுக்கப் போன சமயம், வேங்கடேசன் பூனை மாதிரி முருங்கைப் பக்கம் நகர்ந்தான். அந்த உருவத்தை அவிழ்த்து ஒளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டான். அவிழ்த்துக் கையில் எடுத்ததுதான் தாமதம். கொலைகாரன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று காக்காய்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பத்திருபது காக்காய் ஒன்றாகப் பாய்ந்து அவன் உச்சந்தலையில் மாற்றி மாற்றிக் கொத்தின.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாஞ்சாலி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாடா! சின்ன வயசுல அப்பா உனக்கு அதே எடத்துலதான் கொட்டுவாரு. கோவம் தீரல, கொட்டுறாரு! அது... அது இன்னாடா கையில? அமாவாசையும் அதுவுமா செத்த காக்காயத் தூக்கிக்கினு நிக்கிற!"

"காக்கா இல்லக்கா! கொட. பழைய கொடத்துணி. சும்மா கட்டித் தொங்கவுட்டேன்."

பாஞ்சாலி அதை வாங்கிப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் நீல நூலால் போட்ட தையல் இருந்தது. அவள் முகம் மாறியது.

"இது என் கையால தச்சது. இது அப்பா கொடடா! கடசியா உன் வூட்டுக்கு வந்தப்ப மறந்து வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லிக்கினே இருந்தாரு. உசுரோட இருக்கும்போது சோறு போடல. செத்தப்பறம் அவரு கொடயக் கிழிச்சித் தலகீழாக் கட்டித் தொங்கவுட்டிருக்கியே, நீ மனுசனா?"

வேங்கடேசனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது தன்னுடைய பழைய குடை என்றுதான் அவன் நினைத்திருந்தான். நீல நூலை ஒரு நாளும் பார்த்ததில்லை. "சத்தியமா தெரியாதுக்கா" என்றான். வேறென்ன சொல்வான்?

மணி இரண்டு. பெரியதம்பி பொறுக்க முடியாமல் வாழை மரத்துக்குப் பின்னால் போய் நின்று தாமே "கா கா" என்று குரல் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. முகம் தெரிந்தால்தானே காக்காய்க்குக் கோபம் என்று பூமாலை ஒரு யோசனை சொன்னாள். அவள் பழைய சேலை ஒன்றை முக்காடு போட்டுக்கொண்டு வேங்கடேசன் இலையை எடுத்துப் போனான். தெருவில் போன தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். காக்காய்கள் முக்காட்டையே பிய்த்துக்கொண்டு போயின.

அப்போதுதான் பின்பக்கத்து மதிலுக்கு மேலே ஆயிஷா பீவியின் தலை தெரிந்தது.

"இன்னா தம்பி, காலையிலேருந்து ஒரே கூச்சலா இருக்குது? காக்காதானே வேணும்? அல்லாம் இங்கதான் குந்திக்கினு இருக்குது. அமாவாசன்னா மீனு வாங்க ஆளில்ல, சல்லிசா குடுத்தான்னு ரெண்டு பங்கு வாங்கினேன். துன்னுட்டு நவுர முடியாம கெடக்குதுங்க."

வேங்கடேசன் அக்காளைப் பார்த்தான். "பாயம்மா கையில குடுத்து, அவங்க செவுத்துல வெக்கச் சொல்லட்டுமாக்கா?"

"அமாவாச சோத்த மீனு கழுவுற எடத்துலயா?" என்று பாஞ்சாலி இழுத்தாள்.

"காக்கா எங்க இருக்குதோ அங்கதான்டி உங்கப்பன் இருப்பான். ஜல்தி குடு, எனக்குக் கண்ணு இருட்டுது" என்றார் பெரியதம்பி.

ஆயிஷா பீவி முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு இலையைப் பயபக்தியோடு வாங்கினார். கிணற்றடிச் சுவரில் வைத்து, "வா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கொழுத்த அண்டங்காக்காய் ஒன்று தென்னையிலிருந்து இறங்கியது. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. முதலில் வடை. அப்புறம் பருப்புச் சோறு. அப்புறம் நிதானமாகக் கூட்டு.

"எடுத்துட்டாரு! அப்பா எடுத்துட்டாரு!" பாஞ்சாலி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள். அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் பெரியதம்பி உள்ளே இலை முன்னால் உட்கார்ந்தாகிவிட்டது. பூமாலையும் அக்காளும் பரிமாற ஓடினார்கள்.

வேங்கடேசன் மட்டும் மதிலோரம் நின்றான். பசி போயே போய்விட்டது. கிழிந்த குடையை மார்போடு பிடித்துக்கொண்டு அந்தக் காக்காயையே பார்த்தான்.

"இன்னா தம்பி கண்ணு கலங்குது? அதான் துன்னுச்சே?" என்றார் ஆயிஷா பீவி.

"உங்க வூட்ல துன்னுச்சு பாயம்மா. எங்க செவுத்துல தொடவே இல்லியே! ஒரு நாளு வெரால் மீனு எடுத்தாந்தாரு. வெளிய எடுத்துக்கினு போன்னுட்டேன். அந்தக் கோவத்துல ஒன்றர வருசம் எங்க வூட்ல ஒரு பருக்க தொடல. வாயில வெத்தலயப் போட்டுக்கினு எங்கிட்ட மொகங்குடுத்துக்கூடப் பேசல. செத்தும் அந்தக் கோவம் தீரல, பாருங்க."

ஆயிஷா பீவி திகைத்துப்போய் அவனைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"கோவமா? மருமவளுக்குத் தெரிஞ்சா சங்கடப்படும், சொல்லாதம்மான்னு பெரியவரு கேட்டுக்கினாரு, அதான் இத்தினி நாளா வாயத் தெறக்கல. அன்னிக்கு அந்த வெரால் மீனை எங்கிட்டக் குடுத்துத்தானே தம்பி கொழம்பு வெக்கச் சொன்னாரு! அன்னியிலேருந்து மாசா மாசம் பஸ்ஸ வுட்டு எறங்குனதும் நேரா எங்க வூட்டுக்கு வந்து, வயிறு முட்ட மீன்கொழம்பு சாப்ட்டு, வாட தெரியாம இருக்க எங்கிட்டயே வெத்தலையும் வாங்கிப் போட்டுக்கினுதான் உங்க வூட்டுக் கதவத் தட்டுவாரு!"