வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பவர்கள்

இணையத்தளத்தில் இன்னும் ஒரு சேலைகூட, ஒரு சாரம்கூட விற்கவில்லை.

“பெருநாளைக்குள்ள இது யாவாரம் தரல்லண்டா,” என்றார் கல்முனைக்குடித் துணிக்கடைக்காரர் ஜெமீல், “அந்தக் கம்பியூட்டர மூடிட்டுக் கடையில துணி அளக்க வாங்க, மருமகன்.”

துணி அளப்பதற்கா றிபாத் தளம் வடிவமைக்கப் படித்தான்?

“பொறுத்துப் பாருங்க, மாமா.”

எழுத்து பொடியாக இருக்கிறது என்றார்கள், தளத்தைப் பார்த்தவர்கள். பெரிதாக்கினான். எழுத்து வளர்ந்த வளர்த்தியில் ‘வாங்குக’ பொத்தான் திரைக்கு வெளியே போய் விழுந்தது. நிறம் மங்கல் என்றார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து வைத்தான்.

“மௌத்தாப் போனது ஆரு, மகன்?” என்று நற்பிட்டிமுனையிலிருந்து ஒருவர் அழைத்துத் துக்கம் விசாரித்தார்.

றிபாத் அசரவில்லை. கண் தெரியாதவரும் பாவிக்கக்கூடியதுதான் நல்ல தளம். மனைவி, ஜெமீலின் மகள் நஸீறாவிடம் போனான்.

“ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு பொத்தான். அமத்தினா உன்ட குரல் கேட்கும். சாமான் வாங்குற ஆள் தெரிஞ்சிருக்க வேண்டிய எல்லாத்தையும் சொல்லு. ஒண்டையும் மறைக்காத.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவள் பதிந்து கொடுத்ததில், ஒலி தெளிவா என்று முதல் இரண்டு சொற்களை மட்டும் கேட்டான். தேன். அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் கடை நிறைந்தது. இணையத்தில் எவரும் வாங்கவில்லை, நேரிலேயே வந்தார்கள். ஆனால் வந்தவர்களின் போக்குத்தான் விளங்கவில்லை. விலை கேட்டார்கள். சாரத்தை வைத்தார்கள். வாசல்வரை போனார்கள். அங்கே நின்று, கழுத்தை மட்டும் திருப்பி ஜெமீலைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைக்கு ஜெமீலின் நெஞ்சு தாங்காது.

“சரி, வாங்க. குறைச்சித் தாறன்.”

பிற்பகல் அஸர் பாங்கு சொல்வதற்குள் அன்றைய லாபம் கரைந்துவிட்டது.

“வாசல்ல ஜின் கின் நிக்குதா, மருமகன்?”

“கேட்கிற பொத்தான் சின்னன், மாமா. அதான் ஆக்கள் அரைகுறையாக் கேட்டுட்டு இஞ்ச ஓடி வாறாங்க. பெருசாக்கிறன்.”

பெரிதாக்கி, தளத்தின் உச்சியில் வைத்தான். அடுத்த நாள் வாசலில் நெரிசல்.

“கொஞ்சம் தள்ளுங்களன்,” என்றார் பின்னால் நின்ற ஒருவர். “நானும் திரும்பிப் பார்க்கணும்.”

அந்நேரம்தான் பளீல் காக்கா கைத்தடியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், ஜெமீலின் பால்ய கூட்டாளி. றிபாத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. இவருக்காகத்தானே இத்தனை பாடும்.

“தளம் பாவிக்க லேசா, காக்கா?”

“ஓம் மகன். எல்லாம் வடிவா விளங்கிச்சு.”

பளீல் விலை கேட்டார். சாரத்தைத் தடவிப் பார்த்து வைத்தார். தட்டித் தட்டி வாசலுக்குப் போய், சேலை அடுக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“ஜெமீல், நான் சரியான பக்கந்தான் திரும்பி நிக்கிறனா? வாசல்வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தா வாப்பா கூப்பிட்டு விலை குறைப்பாரு எண்டு உங்கட மகள்தானே அதில சொல்றா.”