டச்சிங் வேந்தர் தம்மைத் தாமே என்று மெய்ப்பித்த படலம்

வாழ்க நிழற்பட நாயகர்! எடுத்த படங்களில் மருவை மாய்த்தவர், பருக்களின் படையைப் பதறியோட விரட்டியவர், இரட்டை மோவாயை ஒற்றையாக்கி ஈந்த வள்ளல், தூங்குமூஞ்சிகளையும் துலங்க வைத்த மாயக்கரத்தார், ஊரார் ‘டச்சிங் வேந்தர்’ என்று விளிக்கும் அந்த ஸ்டூடியோ முதலாளி, தம் சொந்த முகத்தோடு பொருத பெரும்போரை இனிச் சொல்லப் புகுகிறோம். சிரிப்பு வருகிறவர்கள் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வரலாம்.

கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அலுவலகம் ஆணையொன்று பிறப்பித்திருந்தது: இயக்குநர் நாற்காலியில் வீற்றிருப்போர் யாவரும் அலைபேசிமுன் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் காட்டித் தாம் தாமே என்று மெய்ப்பிக்க வேண்டும், தவறுவோர் பதவி இழப்பர். “நான்தான் நான்ங்கிறதுக்கு சாட்சி வேறயா?” என்று மாதக்கணக்கில் எகத்தாளம் பேசிய வேந்தர், கெடு முடியும் நாளின் பிற்பகலில்தான் விழித்துக்கொண்டார். அவர் நிறுவனத்தில் இயக்குநர்கள் இருவரே. மற்றவன் மனைவியின் தம்பி. என்றைக்கோ மெய்ப்பித்து முடித்துவிட்டு, ஸ்டூடியோவை மூடிச் செல்போன் உறைக்கடை வைக்கும் கனவோடு சுவரை அளந்துகொண்டிருந்தான். வேந்தர் வீழ்ந்தால் ஆள்பவன் அவனே. ஸ்டூடியோவை விட்டால் வேந்தருக்கு வேறு உலகம் கிடையாது.

ஆகவே பாஸ்போர்ட்டை இடக்கையிலும் அலைபேசியை வலக்கையிலும் ஏந்திக் களம் புகுந்தார். பாஸ்போர்ட்டை ஏற்ற அலைபேசி முகத்தை ஏற்கவில்லை. ‘முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயல்க’ என்று அசரீரி முழங்கிற்று. கோட்டைக் கதவை முட்டும் கிழட்டு யானையைப்போல் அவர் சன்னலோரம் நின்று முட்டினார், சுவரோரம் நின்று முட்டினார், முக்காலிமேல் ஏறியும் முட்டினார்; கதவு அசையவில்லை.

சத்தம் கேட்டு வந்த மனைவி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

“யாருங்க இது? நம்ம கல்யாணத்தப்பகூட நீங்க இப்படி இல்லையே!”

வேந்தரின் வீரத்தலை கவிழ்ந்தது. ஊராருக்கெல்லாம் இவ்வளவு செய்கிறோமே, நமக்கு நாமே செய்துகொள்ளாவிட்டால் யார் செய்வார் என்று, பாஸ்போர்ட்டுக்குப் படமெடுத்த அன்று கன்னத்து மருவை அழித்து, ஏறிய நெற்றியில் முடியை இறக்கி, கோணல் மூக்கை நிமிர்த்தி, தொங்கும் மோவாயைச் செதுக்கி எறிந்திருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். தன் டச்சிங்கும் சுடும்.

மனைவியோ கலங்கவில்லை. படத்தை முகத்துக்கேற்ப மாற்ற இனி நேரமில்லை. முகத்தைத்தான் படத்துக்கேற்ப மாற்றியாக வேண்டும். மரு பவுடரில் புதையுண்டது. நெற்றியில் கண்மை முடியாய் முளைத்தது. மோவாய்த் தோல் பின்னுக்கு இழுக்கப்பட்டுக் காலருக்குள் செல்லோ டேப்பால் சிறையுண்டது. மூக்கை நிமிர்த்த மட்டும் ஒளி ஒன்றே வழி. விளக்குகள் எரிந்தன, வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளை அட்டையைப் பிடிக்க ஆளில்லை.

“டேய், அளந்தது போதும். வந்து இந்த அட்டையப் பிடிடா!”

“நான் எதுக்குக்கா...”

“பிடின்னா பிடி.”

அக்காள் ஆணைக்கு அப்பீல் ஏது? அரசைக் கவர வந்தவன் அரசரின் மூக்குக்கு ஒளி பிடித்தான். அவன் கை சாய்ந்தபோதெல்லாம் மூக்கு மறுபடி கோணிற்று. அக்காள் பார்த்த பார்வையில் நேராயிற்று.

சிரித்தால் டேப் பிய்ந்துவிடும், வியர்த்தால் முடி வழிந்துவிடும் என்ற நிலையில் வேந்தர் மூச்சடக்கி நின்றார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அலைபேசி யோசித்தது, வட்டமிட்டது, மேலும் யோசித்தது. கடைசியில் வானோர் பூமாரி பொழிந்தாற்போல் பச்சை ஒளி சிந்தி, ‘நன்றி. நீங்கள் நீங்களே என்பது உறுதிசெய்யப்பட்டது’ என்று அறிவித்தது. மைத்துனன் அளவுநாடாவைச் சுருட்டினான். நாற்காலி நிலைத்தது, நிலையம் பிழைத்தது. செங்களம் வென்ற கோமான், மருவொழிந்த மாமுகத்தார், நிமிர்நாசி நெடுந்தகை, தமக்குத் தாமே கண் கலங்கினார்.

பிறகு போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.