காற்றுக்குளம் முற்றுகை

இருபுறமும் ஒப்ப நோக்கும் செங்கோன்மையர், ஒரு நாழிகையில் ஆயிரம் முறை இடமும் வலமும் திரும்பியும் அயராத பொற்கழுத்தினர், மேசைப்பந்தாட்டக் களத்தின் உயர்நாற்காலி வேந்தர், நம் நடுவர் வாழ்க. அவர் கழுத்தும் வாழ்க.

அன்று வைகறையில் அந்தக் கழுத்தே பகைவர் வசமாயிற்று. பஞ்சுடல் படைத்த வஞ்சகத் தலையணையின் சூழ்ச்சியால் இடப்பக்கம் திரும்பிய திருமுகம் இடப்பக்கமே நின்றுவிட்டது. அச்சு முறிந்த தேர்போல, துருவேறிய கோட்டைக் கதவுபோல, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல அசைய மறுத்தது. அன்றோ பதினொரு மணிக்கு இறுதியாட்டம். பதினேழு ஆண்டு காத்திருந்து அவர் பெற்ற முதல் இறுதியாட்டம். ஒருபக்க வீராங்கனையை மட்டுமே கண்டு தீர்ப்புரைக்கும் நடுவரை எந்த அவை பொறுக்கும்? நெஞ்சு கனத்த வேந்தர், "வரலன்னு ஃபோன் பண்ணிடவா?" என்று மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அதெல்லாம் வேணாம். தம்பியக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள் அவள்.

வந்தான் மைத்துனன்: பூட்டுத் திறப்பதே தொழிலாகக் கொண்டவன், தொலைந்த சாவிகளால் தெருவில் நின்றோரின் துயர் துடைத்தவன், தன் கடைச்சுவரில் சீன மருத்துவப் புள்ளிப்படம் ஒன்றைத் தொங்கவிட்டு அதையே வேதமெனப் போற்றுபவன். நடுவரைச் சமையலறை முக்காலியில் அமர்த்தி, "அத்தான், பிடரியில காத்துக்குளம்னு ஒரு பள்ளம் இருக்கு. அத அமுக்கினா கழுத்து தன்னால திறக்கும். என் கைக்குத் திறக்காத பூட்டு இன்னும் பொறக்கல" என்று சூளுரைத்தான்.

எழுந்தன பெருவிரல்கள் இரண்டும். மதங்கொண்ட களிறுகளெனத் தோள்மேடு ஏறி, நரம்புக்காடு கடந்து, முடிவெட்டுக் காணாத பிடரிப் புதரிலே புகுந்தன. முதல் தாக்குதல் குறிதவறிக் காதடியில் வீழ, கூச்சம் தாளாத வேந்தர் கண்ணீர் மல்கச் சிரித்தார். இரண்டாம் தாக்குதல் முதுகெலும்பை முட்டிப் புறங்கொடுத்து மீண்டது. மைத்துனன் நெற்றி வியர்த்தது. சுவர்க்கடிகாரமோ ஒன்பதரை என்று எக்காளமிட்டது. அவ்வேளை அலைபேசியில் படத்தை விரித்துப் பார்த்துப் போர்மந்திரியாய் நின்ற மனைவி, "மண்டை முடியற இடத்துல, ரெண்டு தசைக்கும் நடுவுலடா. நீ பூட்டே இல்லாத கதவ நோண்டிக்கிட்டிருக்க" என்று ஆணையிட்டாள்.

மூன்றாம் முறை விரல்கள் மண்டையோட்டு மலையின் அடிவாரத்தை அடைந்து, தசைக்கரைகளுக்கிடையே ஒளிந்து கிடந்த காற்றுக்குளத்தில் குதித்தன. குதித்து, அழுந்தி, பத்து மூச்சளவு அங்கேயே தவமிருந்தன. வலியா சுகமா என்று பிரித்தறிய முடியாத ஒரு நோவு நெற்றிவரை ஓடிற்று. மளுக்கென்று ஓர் ஒலி. பகைவர் கொடி சாய்ந்தது. திருமுகம் மெல்ல அசைந்து நேர்த்திசை கண்டது, பின் வலத்திசை கண்டது. இழந்த பாதி உலகை மீட்டெடுத்த வெற்றிவேந்தர் மைத்துனனை மார்புறத் தழுவி, மனைவியை நோக்கிக் கைகூப்பினார்.

மீட்ட அந்த வலப்பக்கத்தில் ராத்திரி பாத்திரங்கள் அப்படியே கிடந்தன, கழுவுவது அன்று அவர் முறை என்பதால் கழுவி வைத்துவிட்டு ஆட்டத்துக்குக் கிளம்பினார்.