சப்பட்டைப் பாறைக்கு மேலே பாதை இல்லை

ஜன்னல் மூலை யாருக்கு என்ற வழக்கை ஒரேயடியாகத் தீர்த்துக் கட்டிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லிமீட்டர் முடிவெடுத்தார். வீட்டில் அவர் எடுத்த முடிவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் நிறைவேறியவற்றை எண்ண விரலே வேண்டாம். இருந்தாலும் அன்றைக்கு ஏதோ ஒரு துணிச்சல்.

மில்லிமீட்டர் என்பது ஆபீஸில் வைத்த பேர். நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் போடுகிறார். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் சம்சாரம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக வருவது முன் அறை ஜன்னல் ஒன்றில்தான். அந்த ஜன்னலடியில் அவருடைய சாய்வு நாற்காலி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதில் சாய்ந்தார் என்றால் நாலு மணிக்குத்தான் கண் திறப்பார். தையல் மெஷின் பின் அறையில், ஒரு குழல் விளக்கின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, உங்க நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என் மெஷினை ஜன்னல்கிட்ட வச்சுக்குவேன். அந்த ரூம்ல ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள பாதி நாள் போயிடுது."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு நாற்காலி அளவு."

இந்தப் பேச்சு ஆறு வருஷமாக நடந்துவந்தது. அன்றைக்கு மெஷின் மேல் கிடந்த ஒரு அட்டை அவர் கண்ணில் பட்டது. மலைநடைச் சங்கத்துக்கு இருபது தோள்பை தைத்துக் கொடுத்ததற்காக அவர்கள் அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் இளவேனில், கோடை, மழை, குளிர் என்று நாலு கட்டம். ஊருக்கு வெளியே இருக்கும் காட்டு மலையில் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு நாள் ஏற வேண்டும். உச்சியில் ஒரு கூரைக் கொட்டகை, அதற்குள் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் ரப்பர் முத்திரை. ஏறினவர்கள் தாங்களே கட்டத்தில் குத்திக்கொண்டு வரவேண்டியது.

மில்லிமீட்டர் சிரித்துவிட்டார். பஸ்ஸில் ரெண்டு நிறுத்தம் தாண்டினாலே வழி தப்பிவிட்டோமோ என்று கேட்கிறவள் இவள்.

"இந்தா, ஒரு வார்த்தை. இந்த நாலு கட்டத்துலயும் முத்திரை வாங்கிக் காட்டு, ஜன்னல் மூலை உனக்கு. இல்லேன்னா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

"எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். நில அளவை எழுத்தில், கோடு போட்டு, தேதி இட்டு. எழுதி முடிக்கும்போது அவள் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் ஏறினாப் போதும்னு போட்டுடுங்க. உங்களுக்கு முட்டி வலிச்சா நீங்க பாவம்."

பாவம்தான் என்று அவருக்கும் பட்டது. அதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் அவள் சாவகாசமாகச் சொன்னாள்:

"எனக்கு வழி எங்க தெரியும்? வரைபடம் போடறது உங்க தொழில். நீங்களே ஒண்ணு போட்டு, நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க."

மலையேறுவது என்பது மில்லிமீட்டருக்கு ஆகாத காரியம். மலை அவருக்குத் தெரியும், ஆனால் காகிதத்தில்தான். அதில் ஏறினால் மூச்சு வாங்காது. ஏறவும் கூடாது, நாற்காலியும் போகக் கூடாது, ஒப்பந்தத்தை மீறினதாகவும் ஆகக் கூடாது. அன்றைக்குச் சாயங்காலம் மேஜையில் தாளை விரித்து யோசித்தார். யோசித்ததில் அவரே அசந்துபோகிற மாதிரி ஒரு யோசனை வந்தது. வரைபடம் போடுகிறவன் கையில்தான் மலையே இருக்கிறது. அவன் பாதை முடிந்தது என்று போட்டால் முடிந்ததுதான்.

எல்லாரும் ஏறுவது வடக்கு வாசல் வழியாக. அவர் ஆள் நடமாட்டமில்லாத தெற்கு வாசலை எடுத்துக்கொண்டார். அங்கிருந்து ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தால் நிழலோடு ஒரு சப்பட்டைப் பாறை வரும். பாதை அந்தப் பாறையோடு முடிகிறது, மேலே மரம் விழுந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்று போட்டுவிட வேண்டியது.

ஆனால் ஒன்று. பொய்யை நேராகப் போட அவர் கைக்கு வரவில்லை. ஆபீஸ் பழக்கம் அப்படி. முதலில் ஊசி மாதிரி சீவின கெட்டிப் பென்சிலால் உள்ளது உள்ளபடி முழுசாகப் போட வேண்டும். சரிபார்த்த பிறகுதான் அதன் மேல் மை. கடைசியில் ரப்பரால் பென்சிலை அழிக்க வேண்டும். அதனால் தெற்கு வாசலிலிருந்து உச்சிக் கொட்டகை வரைக்கும் ஒரு வளைவு விடாமல் நிஜப் பாதையைப் பென்சிலில் போட்டார். பாறை வரைக்கும் மை போட்டார். மேலே உள்ளதைச் சுத்தமாக அழித்தார். தூசியை ஊதினார். மனசாட்சியும் கூடவே பறந்துபோன மாதிரி லேசாக இருந்தது.

இளவேனிலில் போனார்கள். மரமெல்லாம் தாமிர நிறத்தில் தளிர் விட்டிருந்தது. பாதை நெடுக உதிர்ந்த பூ. அவள் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தாள். இவர் அடுத்து உட்கார எங்கே கல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நடந்தார். பாறைக்கு வந்ததும் வரைபடத்தை விரித்து வருத்தமாக உச்சுக்கொட்டினார்.

"அடடா. இதுக்கு மேல பாதை இல்லையே."

"இல்லையா? மையில இல்லைன்னா இல்லைதான். நீங்க சாப்பிட்டு ஒரு கண் அசந்துட்டு வாங்க. நான் இங்கயே குருவி பாத்துட்டு இருக்கேன்."

மூணு அடுக்குச் சாப்பாட்டுத் தூக்கு. தலைக்கு வைத்துக்கொள்ள மடித்த துண்டு. கோபிக்காமல் உபசாரம் வேறு பண்ணுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அந்த நெகிழ்ச்சியிலேயே தூங்கிப்போனார். ரெண்டு மணி நேரம் கழித்து விழித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன் இப்படி வேர்க்குது?"

"உங்க குறட்டைச் சத்தத்துல குருவியெல்லாம் பறந்துபோச்சு. துரத்திட்டுப் போய்ப் பாக்க வேண்டியதாயிடுச்சு."

"கட்டம்தான் காலியாப் போச்சு, பாவம்."

"அதைப் பத்திப் பேசாதீங்க. மனசு என்னமோ பண்ணுது."

நாகரிகம் தெரிந்தவர். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

கட்டம் காலியானாலும் வருஷம் முடிந்தால்தான் ஒப்பந்தம் தீரும் என்று அவள் சொல்லிவிட்டதால் கோடைக்குப் புது வரைபடம் போட்டார். இந்தத் தடவை பாறைக்கு மேலே தேன்கூடு. சருகு காலடியில் நொறுங்கியது. காட்டுக்குள் சில்வண்டு விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அவள் பஞ்சடைத்த தலையணை ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு நாலு அடுக்காகியிருந்தது. மழைக்காலத்துக்குப் பாறைக்கு மேலே ஓடை உடைத்துக்கொண்டதாகப் போட்டார். கல்லெல்லாம் பாசி, மரமெல்லாம் சொட்டு. பாறை மேல் கட்ட ஒரு மெழுகுத் துணிக் கூடாரமும், கீழே விரிக்க ஜமுக்காளமும் வந்திருந்தன. அன்றைக்கு விழித்தபோது அவள் கட்டை விரலில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"அது என்ன கையில?"

"சட்டைக்கு அளவு குறிச்ச மை. போகவே மாட்டேங்குது."

கோடு அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் கண்டுபிடித்துவிடுகிற மனுஷன், அதை அப்படியே நம்பினார். அவர் மனசு முழுக்க வேறொரு கணக்கு. மூணு பருவம் போயாச்சு. இன்னும் ஒன்று. அப்புறம் ஆயுசுக்கும் அந்த ஜன்னல், அந்த நாற்காலி, அந்தப் பத்து மணி. ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்களிடம், பெண்டாட்டியை ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தர ஆரம்பித்திருந்தார்.

குளிர்காலம் வந்தது. தெற்கு வாசலில் நின்றால் பத்தடி தூரத்து மரம் தெரியவில்லை. அப்படி ஒரு மூட்டம். வரைபடத்தில் பாறைக்கு மேலே 'மூட்டம், அபாயம்' என்று போட்டிருந்தார். அந்த ஒரு தடவைதான் அவர் போட்டதில் பாதி நிஜம். அவள் அவருக்காகக் காதை மூடுகிற கம்பளிக் குல்லாய் தைத்திருந்தாள். ரெண்டு போர்வை, ஃப்ளாஸ்கில் சுடச்சுட டீ. குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டு, போர்வையைக் கழுத்து வரைக்கும் செருகிவிட்டாள்.

"நல்லாத் தூங்குங்க. ஒண்ணும் அவசரமில்லை."

தூங்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூக்கு நுனி விறைத்து விழிப்பு வந்தது. ஃப்ளாஸ்க் இருந்தது. தூக்கு இருந்தது. அவள் இல்லை.

"இந்தா... எங்க இருக்கே?"

இன்னொரு தடவை கூப்பிட்டார். மூட்டத்துக்குள் போன குரல் திரும்பி வரவில்லை. குருவி பார்க்கிறேன் என்று நாலடி தள்ளிப் போயிருப்பாள். இந்த மூட்டத்தில் திசை தப்பியிருக்கும். அவள் கையில் வரைபடம் இருக்கிறது. யார் போட்ட வரைபடம்? பாதை இருக்கிற இடத்தில் இல்லை என்று சொல்கிற வரைபடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை போட்ட பொய் நாலே நாலு, நாலும் அவளிடம்தான் இருக்கிறது.

நாற்காலியாவது மண்ணாங்கட்டியாவது. மில்லிமீட்டர் எழுந்து ஓடினார். பாறைக்கு இடது பக்கம் புதருக்குப் பின்னால் பாதை ஏறும் என்று அவருக்குத் தெரியும். நாலு தடவை போட்டு நாலு தடவை அழித்த பாதை. முதல் வளைவு, ரெண்டாம் வளைவு, ஊற்று, செங்குத்தான படிக்கல். எல்லாம் போட்டது போட்டபடி வந்தது. வழுக்கினார், முட்டியைத் தேய்த்துக்கொண்டார், மூச்சு கிடைத்த இடத்திலெல்லாம் அவளைக் கூப்பிட்டார். அவ்வளவு தூரம் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

கடைசி வளைவு திரும்பியதும் மூட்டம் காலுக்குக் கீழே போய்விட்டது. மேலே பளிச்சென்று வெயில். சுற்றிலும் பஞ்சைப் பிரித்துக் கொட்டினது போல வெள்ளை வெளேரென்று இருக்க, அதற்கு நடுவே மலை முகடுகள் வரிசையாக எழும்பி நின்றன. கொட்டகைப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று தனி ஃப்ளாஸ்க் இருந்திருக்கிறது.

"அட, நீங்களா? முட்டியில என்ன ரத்தம்? உக்காருங்க முதல்ல."

அவர் உட்காரவில்லை. விழுந்தார். பேச்சு வருவதற்கு அஞ்சு நிமிஷம் ஆனது. அவள் ஈரத்துணியால் முட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தொலைஞ்சு போயிட்டேன்னு நெனச்சேன்."

"நானா? எதுக்குத் தொலையணும்? இது நாலாவது தடவை."

அட்டையைக் காட்டினாள். நாலு கட்டத்திலும் நீல முத்திரை. நாலாவதில் மை இன்னும் காயவில்லை.

"வழி எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

அவள் பையிலிருந்து முதல் வரைபடத்தை எடுத்தாள். அவர் கட்டை விரலைப் பிடித்து, சப்பட்டைப் பாறைக்கு மேலே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் வைத்தாள்.

"தடவிப் பாருங்க."

தடவினார். விரலுக்கடியில் மெல்லிசாக ஒரு பள்ளம். கெட்டிப் பென்சில் அழுத்தின தடம். ரப்பருக்கு அழிந்தது கோடுதான், பள்ளம் அப்படியே இருந்தது. வளைவு வளைவாக உச்சிக் கொட்டகை வரைக்கும் போயிற்று.

"துணியில அளவு குறிக்கற பல்சக்கரம் ஓட்டின தடத்தை விரலால தடவிப் பாத்துத்தானே தினமும் துணி வெட்டறேன். அந்த ரூம் வெளிச்சத்துல கண்ணை நம்பினா கைய வெட்டிக்க வேண்டியதுதான். நீங்க போட்டுக் கொடுத்த அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு."

"அப்பவே என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"முதல் தடவை எழுப்பிச் சொல்லலாம்னுதான் பாத்தேன். நீங்க தூக்கத்துலயே 'பாதை மூடியிருக்கு'ன்னீங்க. சரி, மனுஷன் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

துண்டு, தலையணை, ஜமுக்காளம், குல்லாய், மூணு அடுக்கு, நாலு அடுக்கு எல்லாம் வரிசையாக அவர் கண் முன்னால் வந்து போயின. அவளைப் பார்த்தார். வெயிலில் கண்ணைச் சுருக்காமல், கீழே காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாகக் குழல் விளக்கில் பார்த்த முகம், வெளிச்சத்தில் இப்படி இருக்குமா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. உயிரோடு கிடைத்தாளே, அதுவே போதும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நினைத்தார்.

"ஜன்னலை எடுத்துக்கோ. மனசாரச் சொல்றேன்."

"எழுதியே கொடுத்துட்டீங்களே."

"நாற்காலிக்கு மட்டும் எங்கயாவது ஒரு இடம் பாத்து வை."

"வைக்கறேன். வரைபடமே போட்டு வைக்கறேன், உங்களை மாதிரியே."

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தபோது ஜன்னலடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் பழுப்புத் தாளில் முன் அறையின் வரைபடம். கறுப்பு மையில் கதவு, ஜன்னல், மெஷின், துணி வெட்டும் மேஜை, அவளுடைய முக்காலி எல்லாம் அளவெடுத்துப் போட்டிருந்தாள். மில்லிமீட்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலை மூலையாகத் தேடினார்.

"நாற்காலியைக் காணோமே?"

"போட்டிருக்கேனே. மையில இல்லை."

அவர் கட்டை விரலை நீட்டி அறை முழுக்கத் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனார். கடைசியில் கிடைத்தது, வாசல் கதவுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல்.